பயிற்சி ஆசிரியர்கள் கையில் திரையைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்கு வருபவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் இருக்கிறேன்.

சென்ற ஆண்டு வந்த தம்பி நல்ல உழைப்பாளி. ஏழாம் வகுப்பில் முக்கோணக் கோணங்களின் கூடுதல் நடத்த வேண்டும். சார்ட், வெட்டி ஒட்டிய அட்டை எல்லாம் தயார். ரெக்கார்டு நோட்டு அச்சடித்தது போல இருந்தது. கணினிகள் இருக்கும் ஹைடெக் லேபில் நடத்துங்கள் என்றதும் முகம் வாடிவிட்டது. ஒரு வீடியோவைப் போட்டு ஓரமாக நின்றுகொண்டார். பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் பார்த்தார்கள். முடிந்ததும் கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் இருவரும் உட்கார்ந்து, வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முக்கோணம் வரைந்தோம். "முனையை உடனே இழுத்துவிடாதீர்கள், இழுத்தால் என்ன ஆகும் என்று முதலில் பிள்ளைகளைக் கேளுங்கள்" என்றேன். கேட்டார். "முக்கோணம் பெரிசானா கூட்டுத்தொகையும் கூடும் சார்" என்றாள் ஒரு சிறுமி. பாதி வகுப்பு அவள் பக்கம். அப்புறம்தான் இழுத்தார். மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்க, 180 மட்டும் அப்படியே நின்றது. "இன்னும் இழுங்க சார்" என்று பிள்ளைகள் எழுந்தே விட்டார்கள். அந்தத் தம்பியின் முகத்தில் அன்றுதான் ஆசிரியரைப் பார்த்தேன்.

2018 முதல் வந்த நம் பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று ஜியோஜீப்ரா பயிற்சியே இருக்கிறது. பி.எட். பாடத்திட்டத்திலும் தகவல் தொழில்நுட்பம் உண்டு. ஆனால் என்னிடம் வந்தவர்களில் பலர் அதைப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி, ஒரு வகுப்பின் முன் நின்று செய்து பார்த்ததில்லை.

ஆகவே, பயிற்சிக் காலத்தில் ஐந்து பாடங்களையாவது லேபிலோ ஸ்மார்ட் வகுப்பிலோ நடத்த வைத்து, அதற்கு மதிப்பெண் தர வேண்டும். வீடியோவை எங்கே நிறுத்தினார், என்ன கேட்டார் என்று பார்த்து மதிப்பெண் போடட்டும். பாடக்குறிப்பில் 'கரண்ட் போனால் என்ன செய்வேன்' என்று ஒரு வரியும் எழுத வைக்கலாம். எங்கள் ஊரில் அது கட்டாயம் தேவைப்படும். கல்லூரிப் பேராசிரியர்களும் அந்த நாட்களில் பள்ளிக்கு வந்து பின்வரிசையில் உட்கார வேண்டும். அடுத்த பயிற்சிக் குழு வருவதற்குள் கல்வித்துறை இதைச் செய்து தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.