காலை அளந்து, சீட்டு எழுதி, காலணி தர வேண்டும்: சர்க்கரை நோயாளிகளுக்காக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன ஒரு தாயின் மகள். மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டு மாற்றும் வரிசையில் கூட நிற்கும் குடும்பங்களின் சார்பிலும்

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை

பொருள்: காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்கு அரசு மருத்துவமனையிலேயே காலைச் சோதித்து, அளவெடுத்து, தகுந்த காலணி வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சர்க்கரை நோய்க்கு எந்த மாத்திரை, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எல்லாவற்றையும் மருத்துவர் எழுதித் தருகிறார். காலணி என்று வரும்போது மட்டும், "நல்ல செருப்பாகப் பார்த்துப் போடுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எது நல்ல செருப்பு, எந்த அளவு, எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுவதும் நோயாளியின் தலையில் விழுகிறது. அந்தப் பொறுப்பை அரசு மருத்துவமனை ஏற்க வேண்டும் என்பதுதான் இந்த மனு.

கடைக்குப் போய் நாமே வாங்கிக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். மற்றவர்களுக்கு அது சரி. செருப்பைப் போட்டு நாலடி நடப்போம், கடித்தால் வேறு கேட்போம். கடைக்காரரும் "எங்கேயாவது பிடிக்குதா?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது கால். வருடக்கணக்கில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்து நரம்பு கெட்டுப்போனவரின் கால் பதில் சொல்லாது. இன்னும் மோசம் என்னவென்றால், மரத்த காலுக்குச் சரியான அளவுச் செருப்பு தொளதொளவென்று இருப்பதாகப் படும். இறுக்கிப் பிடித்தால்தான் போட்டிருப்பதே தெரியும். அதனால் ஓர் அளவு சின்னதாக அவர்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். என் அம்மா அப்படித்தான் வாங்குவார். "இதுதான் கச்சிதமா இருக்கு" என்பார்.

தங்கள் அலுவலகத்திலேயே ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டுகிறேன். நோயாளி ஒருவரை வெள்ளைத் தாளின் மேல் வெறுங்காலோடு நிற்கச் சொல்லி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு இழுங்கள். அந்த வடிவத்தைக் கத்தரித்து, அவர் போட்டு வந்திருக்கும் ஷூவுக்குள் விரித்துப் பாருங்கள். அம்மாவின் ஷூவுக்குள் நான் வைத்தபோது, சுண்டுவிரல் பக்கம் தாள் மேலே மடங்கியது, கட்டைவிரல் பக்கம் சுருண்டது. தாள் மடங்கிய அதே இடத்தில்தான் அம்மாவின் காலில் தோல் காய்த்துப் போயிருக்கிறது.

அந்தக் காய்ப்பு அழகு கெடுக்கிற சங்கதி மட்டுமல்ல. நரம்பு கெடும்போது பாதத்துக்குள் இருக்கும் சிறு தசைகள் வலுவிழக்கின்றன. விரல்கள் பறவையின் நகம்போல வளைந்து மடங்குகின்றன. விரலடி எலும்புகளுக்குக் கீழே மெத்தைபோல இருக்கும் கொழுப்பு முன்பக்கம் நகர்ந்துவிட, உடம்பின் பாரம் எலும்பு முனை வழியாக நேரே தோலில் இறங்குகிறது. வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கிறது. பாரம் விழும் இடத்தில் தோல் தடிக்கிறது. தடித்த தோல் செருப்புக்குள் கிடக்கும் கல்லைப் போல அழுத்தத்தை இன்னும் கூட்டுகிறது. உள்ளே ரத்தம் கட்டி, ஒருநாள் அது புண்ணாக வாய் திறக்கும். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். அப்புறம் விரலை எடுப்பது, பாதத்தை எடுப்பது என்று போகிறது. சர்க்கரை நோயில் கால் இழப்பவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் வந்தது ஒரு சிறு புண்தான். அந்தப் புண்ணுக்கு அடிக்கடி காரணமாவது அவரே விரும்பி வாங்கிப் போட்ட காலணி.

உலகம் முழுவதும் 2024 கணக்குப்படி ஏறத்தாழ 58.9 கோடிப் பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு சொல்கிறது. இவர்களில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது காலில் புண் வரக்கூடும் என்பது மருத்துவ இதழ்களில் வந்திருக்கும் மதிப்பீடு. புண் ஆறியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு ஒரே வருடத்தில் மறுபடியும் வருகிறது. ஆறிய பிறகு அதே செருப்பைத்தானே மறுபடி மாட்டுகிறார்கள்!

சந்தையில் "டயபெட்டிக் செருப்பு" என்று பெட்டியில் அச்சடித்து விற்பவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அதை நம்பி வாங்கியவர்கள். கையால் அமுக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் மெத்தென்று இருப்பது மட்டும் போதாது. உள்தளம் மெத்தென்றும், அடித்தளம் முள்ளும் ஆணியும் ஏறாதபடி கெட்டியாகவும் இருக்க வேண்டும். அடியும் மெத்தென்றே இருந்தால் ஆணி நேரே உள்ளே வரும். ஒருநாள் அம்மாவின் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு குத்தூசியின் தட்டைத் தலை மின்னியது. திருப்பி உள்ளே தடவினால் முனை என் விரலில் குத்தியது. அம்மா அதோடுதான் அன்று முழுவதும் நடமாடியிருக்கிறார். உள்ளங்காலில் ஒரு பொட்டு ரத்தம் காய்ந்திருந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. அந்தச் செருப்பும் "டயபெட்டிக்" என்று அச்சடித்த பெட்டியில் வந்ததுதான்.

இன்னொன்று, உள்தளத்தில் சிறு சிறு முட்கள் போலப் புடைத்திருக்கும் அக்குபிரஷர் செருப்பு. ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று சொல்லிப் பிள்ளைகளே ஆசையாக வாங்கித் தருகிறார்கள். மரத்த காலுக்கு அது ஆபத்து. ஒவ்வொரு புடைப்பும் ஓர் அழுத்தப் புள்ளி. இதைத் தடுத்துச் சொல்ல மருத்துவமனையில் ஒரு சுவரொட்டிகூட இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

எது தகுந்த காலணி என்பது யாருக்கும் புரியாத ரகசியமல்ல. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. காலணியின் உட்பக்கம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும். அகலம், பாதத்தின் மிக அகன்ற இடமான விரலடி மூட்டுகளுக்கு ஈடாக வேண்டும். மடங்கிய விரல்களின் முதுகு காலணியின் மேற்புறத்தில் உரசாத அளவுக்கு உயரம் வேண்டும். நின்றபடிதான் போட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் கால் வீங்கியிருக்கும் மாலை நேரமாக இருந்தால் நல்லது. இதனோடு அனுபவத்தில் நாங்கள் கற்றவையும் உண்டு. கட்டைவிரல் இடுக்கில் வார் நுழையும் செருப்பு கூடாது. அந்த வார் இடுக்கை அறுக்கும், நடக்கையில் செருப்பு கழன்று போனாலும் தெரியாது. பின்வார் வேண்டும். வீக்கத்துக்கு ஏற்றபடி தளர்த்தவும் இறுக்கவும் வெல்க்ரோ வசதி. உள்ளே தையல் துருத்தக் கூடாது.

எல்லாச் சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறப்புக் காலணி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உணர்ச்சி நன்றாக இருந்து, பாத வடிவமும் மாறாதிருந்தால், அளவு சரியான சாதாரணக் காலணியே போதும். யாருக்கு வேண்டும் என்று கண்டறிய, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று போதும். அதை உள்ளங்காலில் வளையும்வரை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். இழைகூட இல்லாவிட்டால், நோயாளி கண்ணை மூடியிருக்க, கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் மெல்லத் தொட்டுக் கேட்டாலே ஓரளவு தெரிந்துவிடும். சில நிமிட வேலை. ஆனால் பல வருடமாக மருந்து வாங்கிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேர், இதுவரை யாரும் தங்கள் செருப்பைக் கழற்றச் சொன்னதே இல்லை என்கிறார்கள்.

காலணியால் உண்மையில் பலன் உண்டா என்று நிதித் துறை கேட்கக்கூடும். 1995-ல் இத்தாலியில் செய்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்களில், தங்கள் சொந்தக் காலணியைப் போட்டவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி புண் வந்தது. சிகிச்சைக் காலணி போட்டவர்களில் அது 28 சதவீதம். 2002-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, பாதம் பெரிதாக உருமாறாதவர்களிடம் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் ஆளாளுக்கு ஒரு ஜோடியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்தால் போதாது என்பதை அது காட்டுகிறது. 2013-ல் நெதர்லாந்தில், காலணிக்குள் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கருவியால் அளந்து ஒரு பிரிவினருக்குத் திருத்திக் கொடுத்தார்கள், இன்னொரு பிரிவினருக்குத் திருத்தவில்லை. தங்களுக்குக் கொடுத்த காலணியை ஒழுங்காகப் போட்டு நடந்தவர்களில், திருத்தாத காலணிக்காரர்களில் 47.8 சதவீதமாக இருந்த மறுபுண், திருத்திய காலணிக்காரர்களிடம் 25.7 சதவீதமாகக் குறைந்தது.

அதே நெதர்லாந்து நோயாளிகளிடம் இன்னொன்றும் தெரியவந்தது. வெளியே போகும்போது காலணியை ஒழுங்காகப் போடுகிறவர்கள் வீட்டுக்குள் அவ்வளவாகப் போடுவதில்லை. வெளியே எடுக்கும் அடிகளில் 87 சதவீதம் காலணியோடு, வீட்டில் 61 சதவீதம்தான். அதே சமயம் அவர்கள் அதிகம் நடந்தது வீட்டுக்குள்தான். இது படித்த கணத்தில் எனக்கு அம்மா நினைவுதான் வந்தது. வெளியே போட்ட செருப்பை வீட்டுக்குள் போட அவர் மனம் ஒப்பாது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? வீட்டுக்கென்றே இன்னொரு ஜோடி கொடுத்தால் போட்டுக்கொள்வார். ஆகவே ஒருவருக்கு இரண்டு ஜோடி என்பது ஆடம்பரக் கோரிக்கை அல்ல.

இப்படிச் செய்வதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. மரத்த கால் புண்ணாவது நோயால் அல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளிடம் பார்த்துச் சொன்னவர் டாக்டர் பால் பிராண்ட். அந்தப் பணியிலிருந்துதான் நுண்துளை ரப்பர் உள்தளம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பு பரவியது. இந்தியாவின் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் உணர்ச்சியற்ற பாதம் உள்ளவர்களுக்கு அந்தச் செருப்பை இலவசமாகவே தருகிறார்கள். சர்க்கரை நோயில் மரத்த பாதத்துக்கும் தேவை அதேதான். அமெரிக்காவில் 1993 முதல், தகுதியுள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு வருடம் ஒரு ஜோடி, உள்ளே கூடுதல் ஆழம் வைத்த காலணியும் மூன்று ஜோடி உள்தளமும் மெடிக்கேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் உண்டு. உள்தளம் மூன்று என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். வெளியே புதிதுபோலத் தெரியும் செருப்பில்கூட உள்தளம் சில மாதத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும். பெருவிரல் அடியில் பள்ளம் விழுந்திருந்தால் அதன் வேலை முடிந்தது.

எனவே கீழ்க்கண்டவற்றை ஆவன செய்து தர வேண்டுகிறேன். சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரையும் வருடத்துக்கு ஒருமுறையாவது இரண்டு காலிலும் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சோதிக்க உத்தரவிட வேண்டும். உணர்ச்சி போனவர்களையும், புண் வந்து ஆறியவர்களையும் அதைவிடக் குறுகிய இடைவெளியில் பார்க்க வேண்டும். காலோடு, அவர் போட்டு வந்த காலணியையும் கையில் எடுத்து உள்ளே தடவிப் பார்க்க வேண்டும்.

காலணி தேவைப்படுபவருக்கு மருந்துச் சீட்டில் அதற்கென இடம் ஒதுக்கி, நீளம், அகலம், உள்தளம், பின்வார் எல்லாம் எழுதித் தர வேண்டும். அளவெடுக்கவும் திருத்தவும் பயிற்சி பெற்ற ஒரு காலணிக் கைவினைஞர் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். செயற்கைக் கால் செய்யும் பிரிவு இருக்கும் இடங்களில் அவருக்கு இடமும் கருவியும் ஏற்கெனவே இருக்கின்றன. கொடுத்த சில நாட்களில் நோயாளியை மறுபடி வரவழைத்து, தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தைத் திருத்த வேண்டும். இந்தத் திரும்பப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்று நினைக்கிறேன்.

புண் திறந்திருக்கும்போது காலணி மட்டும் போதாது. அந்த நேரத்தில் புண்ணின் மேல் விழும் பாரத்தைக் குறைக்கும் மாவுக்கட்டு போன்ற சிகிச்சை தேவை. அதற்கும் அதே பிரிவில் வழி செய்ய வேண்டும்.

தோற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பாக, முரட்டுத்தனமாக, பார்த்த மாத்திரத்தில் நோயைக் காட்டிக்கொடுக்கும் செருப்பை யாரும் விசேஷ வீட்டுக்குப் போட்டுப் போக மாட்டார்கள். அன்றைக்குப் பழைய இறுக்கமான செருப்புதான் வெளியே வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் நாலைந்து வடிவம், நிறம் வைத்து நோயாளியே தேர்ந்தெடுக்க விட வேண்டும்.

தரக் கட்டுப்பாட்டுத் துறையோடு பேசி, சர்க்கரை நோயாளிகளுக்கானது என்று விற்கப்படும் காலணிக்கு அடித்தளக் கெட்டி, உள்தள மென்மை, ஆழம் இவற்றுக்கு ஓர் அளவுகோல் கொண்டுவரவும், அது இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டு விற்பதைத் தடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தாங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு மருத்துவமனையில் முதலில் தொடங்கி, ஒரு வருடம் எத்தனை பேருக்குப் புண் திரும்ப வந்தது என்று பதிவு செய்து பாருங்கள். தாங்கள் நேரம் ஒதுக்கினால், எங்கள் வரிசையில் நிற்பவர்கள் இப்போது போட்டிருக்கும் காலணிகளோடும், காலின் அளவுத் தாள்களோடும் நேரில் வந்து காட்டத் தயாராக இருக்கிறோம். இம்மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)