மாதம் ஒரு நாள் நரம்பியல் மருத்துவரை மலைக்கு அனுப்புங்கள்

மாவட்ட மருத்துவத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

மாதம் ஒரு நாள் நரம்பியல் மருத்துவரை நீலகிரி மலைக்கு அனுப்பக் கேட்ட எங்கள் மனுவுக்கு உங்கள் பதில் கிடைத்தது. என் அப்பாவுக்கு வந்திருக்கும் பி.எஸ்.பி., அதாவது மூளைச் செல்கள் மெல்ல மெல்ல அழியும் நோய், அபூர்வமானதாம், நரம்பியல் மருத்துவரை வரவழைக்கும் அளவுக்கு மலையில் நோயாளிகள் இல்லையாம். இல்லை என்று யார் பார்த்துச் சொன்னார்கள்?

அப்பா கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், சரிவிலேயே வாழ்ந்தவர். இப்போது அவர் கண் கீழே இறங்காது. பார்வை கெடவில்லை. கண்ணைக் கீழ்நோக்கித் திருப்புகிற மூளைப் பகுதிதான் பழுது. தட்டில் இருக்கும் சோற்றைக் கையால் துழாவுகிறார். லயன் வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போகப் படிக்கட்டுதான் வழி. அதில் வெட்டிய மரம் போல மல்லாக்க விழுகிறார். கை நடுங்கவே இல்லை. ஆனாலும் நடுக்குவாத நோயான பார்க்கின்சன் என்று மாத்திரை கொடுத்தார்கள். விழ விழ அளவைக் கூட்டினார்கள். அப்புறம், "வயசானா விழத்தான் செய்வாங்க" என்று முடித்துவிட்டார்கள். கோவையில் ஒரு நரம்பியல் மருத்துவர் விரலை மேலும் கீழும் அசைத்துக் காட்டிப் பார்த்தே பி.எஸ்.பி. என்றார். 1964-லேயே மருத்துவர்கள் விவரித்து எழுதிவிட்ட நோய்.

ஊர் முழுக்க எண்ணினால் லட்சத்தில் சிலருக்குத்தான் இது வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பி.எஸ்.பி., அதேபோல மூளையைப் பாதிக்கும் எம்.எஸ்.ஏ. என்று பார்க்கின்சன் போலவே தோன்றுகிற இந்த வகை நோய்களைச் சேர்த்துப் பாருங்கள். உடல் அசைவுக் கோளாறுகளுக்கான சிறப்புப் பிரிவுகளில், பார்க்கின்சன் அறிகுறிகளோடு வருகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவர் இந்த வகை. சில இடங்களில் இன்னும் கூடுதல். கண்டுபிடிக்க நரம்பியல் மருத்துவரே இல்லாத மலையில் எண்ணிக்கை எங்கிருந்து வரும்?

மே மாதம் மலர்க் கண்காட்சி என்றால் சிறப்புப் பேருந்தும் கூடுதல் போலீசும் மலையேறி வந்துவிடுகின்றன. மருத்துவருக்கு மட்டும் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தனிப் பிரிவோ புதுக் கட்டடமோ கேட்கவில்லை. மாதம் ஒரு நாள் போதும். கோவைக்கு இறங்கினால் கொண்டை ஊசி வளைவுகளில் அப்பாவுக்கு வாந்தி. விழுங்கவே சிரமப்படுகிறவருக்கு அது புரையேறினால் உயிருக்கே ஆபத்து. இதைக் குணமாக்க மருந்து கிடையாது என்பது தெரியும். என்ன நோய் என்று தெரிந்தால், பலன் தராத மாத்திரையை வீணாகக் கூட்ட மாட்டார்கள். விழாமல், புரையேறாமல் பார்த்துக்கொள்ள எங்களுக்கும் சொல்லித்தருவார்கள்.

தயவுசெய்து மாதத்தில் ஒரு தேதியைக் குறித்து மருத்துவமனை வாசலில் ஒட்டுங்கள். ஆட்களை நாங்கள் கூட்டி வருகிறோம். எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு மகள்