ஒரு பீடி நேரம்

அம்பாசமுத்திரம்
கார்த்திகை 12

அன்புள்ள மீனா,

நீ தொடங்கப்போகிற மலையேற்றத் தொழிலுக்கு அடித்து அனுப்பிய துண்டறிக்கையை அப்பாவும் நானும் படித்தோம். அப்பாவுக்குப் படங்கள் ரொம்பப் பிடித்துவிட்டன. எனக்கு முதல் பக்கத்திலேயே ஒரு எழுத்து முள்ளாகக் குத்தியது. ‘பழங்குடி வழிகாட்டியும் உடன் வருவார்’ என்று போட்டிருக்கிறாய். அந்த ‘உம்’மை எடு. சாப்பாடும் உண்டு, கூடாரமும் உண்டு என்பதுபோல அவரும் உண்டு என்று ஆகிவிடுகிறது. பொதிகை மலைப் பழங்குடியான காணிக்காரர் உங்களோடு வரவில்லை. அவர் போகிற வழியில் நீங்கள் எட்டுப் பேர் போகிறீர்கள்.

நீ வேலையை விட்டது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அப்பா தனியாக எழுதுவார், தாங்கிக்கொள். எட்டுப் பேருக்கு மேல் கூட்டிப்போவதில்லை என்று முடிவு செய்தாயே, அது நல்ல முடிவு. ஒருவர் கண்ணால் பார்த்துக்கொள்ள முடிகிற கால்கள் அவ்வளவுதான். முப்பது பேர் போனால் காட்டில் கேட்பது அந்த முப்பது பேர் சத்தம் மட்டும்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. உன்னிடம் இதுவரை சொல்லாதது. அப்பாவுக்கே பாதிதான் தெரியும்.

1994 புரட்டாசியில், நீ பிறப்பதற்கு முன்னால், தாவரவியல் மாணவிகள் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு இஞ்சிக்குழிக்குப் போனேன். காரையாறு அணையில் படகேறி பாணதீர்த்தம், அங்கிருந்து நடை. வழி காட்ட ஒரு காணிக்காரர் வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். போகும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. திரும்பும்போது நாலு மணிப் படகைப் பிடிக்க வேண்டும் என்று நான் பறந்துகொண்டிருந்தேன்.

வழியில் ஒரு ஓடை. காலையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர், செருப்பைக் கையில் பிடித்தபடி கடந்திருந்தோம். சாயங்காலமும் அதே அளவுதான். எங்கள் தலைக்கு மேல் வெயில். பொதிகை உச்சி மட்டும் மூடிக் கிடந்தது. அண்ணாச்சி கரையில் குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு கோழிமுட்டை அளவில் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து, தண்ணீர் தொடுகிற விளிம்பில் சரியாக வைத்தார். பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

“தண்ணி வாசம் மாறிட்டு, டீச்சர். இந்த பீடி முடியட்டும்.”

எனக்கு எரிச்சல். இளைப்பாற ஒரு சாக்கு என்று நினைத்தேன். அப்போது எனக்கு முப்பது வயது, பட்டம் இரண்டு, கையில் கடிகாரம் வேறு. படகு போய்விடும் என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டேன், பின்னாலேயே இரண்டு பிள்ளைகள். அந்தக் கல்லை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அது பாதி முங்கியிருந்தது தெரிந்திருக்கும்.

நடு ஓடைக்குப் போவதற்குள் தண்ணீர் செம்மண் நிறமாகி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. முழங்கால் அளவு வந்தது தெரியும், இடுப்புக்கு எப்போது ஏறியது என்று தெரியாது. அண்ணாச்சி ஒரு ஈத்தைக் கழியை நீட்டி ஒவ்வொருத்தராக இழுத்துப் போட்டார். செடிகளை வைத்து அழுத்திய பலகைக் கட்டு, மூன்று நாள் சேகரிப்பு, சுழன்றுகொண்டே போனது. அந்தப் பிள்ளைகள் இருவரும் இப்போது பாட்டிகளாகிவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

ராத்திரி பாறை இடுக்கில்தான். அண்ணாச்சி தீ மூட்டி, தன் பையில் இருந்த மரவள்ளிக் கிழங்கைச் சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ‘நான்தான் சொன்னேன்லா’ என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. விடிந்து பார்த்தால் ஓடை பழையபடி கணுக்கால் அளவு, ஒன்றுமே நடக்காததுபோல.

படகுத்துறையில் கூலி கொடுத்தேன், ஒரு நாள் கூடுதலாகச் சேர்த்து. அவர் எண்ணிப் பார்த்து ஒரு பங்கைத் திருப்பி நீட்டினார். “நேத்துக் கூலி வேண்டாம் டீச்சர். நான் சொன்னத நீங்க கேக்கலல்லா. அப்பம் நான் வழி காட்டலல்லா.”

ஏட்டி, இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

உன் விதிமுறைப் பக்கத்தில் பணம் திருப்புவதற்கு ஆறு வரி இருக்கிறது. வழிகாட்டி ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றால் என்ன என்று ஒரு வரி இல்லை. அதை முதல் வரியாக எழுது. பாதி வழியில் திரும்பினாலும் பணம் திரும்பாது, அவருடைய கூலியும் குறையாது என்று எழுது. பெங்களூரில் இருந்து லீவு போட்டு வருகிறவர்கள் முனகுவார்கள். முனகட்டும், அவர்கள் என்னைப் போன்றவர்கள்தானே.

கூலி என்றதும் இன்னொன்று. இதே மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 1987-இல், தாவர ஆய்வாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு அகத்தியமலைக் காட்டில் நடந்தது. வழிகாட்டிகள் காணிக்காரர்கள். ஏறி ஏறி ஆய்வாளர்களுக்கு நாக்குத் தள்ளுகிறது, இவர்களோ ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு களைக்காமல் போகிறார்கள். கொடுத்ததைத் தின்று பார்த்தவர்களுக்கும் தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டதற்கு உடனே காட்டிவிடவில்லை, அது வெளியில் சொல்கிற சங்கதி இல்லை என்றார்கள். பிறகு குட்டிமாத்தன் காணியும் மல்லன் காணியும் காட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

அதில் இருந்து திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம். இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தம், அதை வாங்கிக்கொள்ள 1997-இல் ஓர் அறக்கட்டளை. உலகமெல்லாம் இதை முன்மாதிரி என்று பேசினார்கள், நானே வகுப்பில் அப்படித்தான் பாடம் நடத்தினேன். ஆனால் மருந்தும் மந்திரமும் அறிந்த பிலாத்திகள் சிலர், எங்களைக் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்று எதிர்த்ததும், இலை பறிக்க வனத்துறையோடு இழுபறி நடந்ததும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பங்கு கொடுப்பது நல்லது. யாரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கிறோம் என்பதும் இருக்கிறது. நீ பேசியது ஒரு பையனிடம் மட்டும். ஊரில் முட்டுக்காணி, அதாவது ஊர்த்தலைவர், இருப்பார், அவரைப் பார்த்தாயா?

இரண்டாம் பக்கத்தில் ‘தீயைச் சுற்றி கொக்கரை இசை இரவு’ என்றிருக்கிறதே, அதைத் தயவுசெய்து அடித்துவிடு. கொக்கரை என்பது பல்வெட்டிய இரும்புக்குழல். அதைச் சின்ன இரும்புக் கம்பியால் உரசிக்கொண்டு சாற்றுப்பாட்டு பாடுவது நோய் தீரவும், தெய்வத்தை அழைக்கவும். யாருக்கோ உடம்பு முடியாமல் ராத்திரி முழுக்கப் பாடுகிறதை எட்டுப் பேர் கைபேசியில் பிடிக்கலாமா? அவர்களே விரும்பிப் பாடினால் கேளுங்கள். நிகழ்ச்சி நிரலில் போடாதே.

இன்னும் ஒன்று. ‘மரபு’ என்ற சொல் உன் அறிக்கையில் பதினோரு இடத்தில் வருகிறது, எண்ணினேன் (ஆசிரியை புத்தி). ஆனால் பொதிகையின் அகத்தியர் உச்சிக்குப் பெண்கள் ஏறக்கூடாது என்பதும் காணிகளின் மரபுதான். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களும் ஏறலாம் என்றது. அடுத்த ஜனவரியிலேயே ஏறினார்கள். காணிகள் வழி மறிக்கவில்லை. அடிவாரத்தில் கூடி எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டு நின்றுகொண்டார்கள். 1,868 மீட்டர் அந்த உச்சியை நான் கீழே இருந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், தெரியுமா? நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் அண்ணாச்சி முகம் நினைவுக்கு வந்து சங்கடப்பட்டேன். இரண்டும் உண்மை. நீ ஒரு பெண், குழுவைக் கூட்டிப்போகிறவள். இதை அவர்களிடம் நேரில் உட்கார்ந்து பேசாமல் ‘மரபு வழியில்’ என்று அச்சடிக்காதே. பேசினபிறகு நீ ஏறினாலும் சரி, உச்சிக்குக் கீழே அதிருமலை முகாமிலேயே நின்றாலும் சரி, நான் கேள்வி கேட்க மாட்டேன்.

அனுமதி விஷயம் உனக்குத் தெரியும். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் ஆட்களையும் பழங்குடியினரையும் வழிகாட்டிகளாக வைத்திருக்கிறது. அதில் ஒன்றிரண்டில் நீ முதலில் சாதாரண ஆளாகப் பணம் கட்டி நடந்து பார். முண்டந்துறைப் பக்கம் 1988-இல் இருந்து புலிகள் காப்பகம், அங்கே உன் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. காணி என்றால் நிலவுரிமை என்று நம் மொழியில் அர்த்தம். அந்தப் பெயரையே சாதிப்பெயராக வைத்திருக்கிறவர்கள்கூட அங்கே அனுமதிச்சீட்டோடு நடக்கிற காலம் இது.

போன வாரம் அண்ணாச்சி பேத்தியின் போனில் அவரோடு பேசினேன். முழங்கால் போய்விட்டது, இப்போது மேலே ஏறுவதில்லை. உன் திட்டத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “பிள்ளைய வரச் சொல்லுங்க டீச்சர். மழ விடட்டும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தை பிறந்ததும் வா. அறிக்கையை எடுத்து வராதே. அவருக்குப் பீடியை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார், அதனால் அதுவும் வேண்டாம். வெற்றிலை வாங்கி வா, கொழுந்தாகப் பார்த்து.

அம்மா