கட்டலினாவுக்கு இன்னும் ஓர் இறக்கை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

திருகோணமலையில் எங்கள் நூலகத்தின் வாசிப்பு மேசைகள் இரண்டை இப்போது ஒற்றை இறக்கை விமானம் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. கட்டலினா கடல் விமானத்தின் மாதிரி அது, பத்தில் ஒரு பங்கு அளவு. பக்கவாட்டுத் துப்பாக்கிக் கூண்டின் கண்ணாடிக் குமிழுக்கு, இனிப்புப் போத்தலின் அடியை வெட்டிப் பொருத்தியிருக்கிறார் எங்கள் தச்சர். இடப்பக்க இறக்கைக்கு வருவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது.

உளவு பார்க்கவும் குண்டு போடவும் பயன்பட்ட இவ்வகை விமானம் ஒன்று 1942 ஏப்ரல் 4ஆம் திகதி காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரியிலிருந்து கிளம்பியது. ஓட்டியவர் கனடாவின் லெனார்ட் பர்ச்சால். இலங்கைக்கு வந்து இரண்டே நாள். பிற்பகலில், தெற்கே வெகுதொலைவில், ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பற்படை கண்ணில் பட்டது. செய்தியை அனுப்பி, மறுபடியும் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியப் போர்விமானங்கள் சுட்டதில் வானொலிக் கருவி நொறுங்கியது. விமானம் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். மற்ற அறுவரையும் 'இசோகாசே' என்ற நாசகாரிக் கப்பல் தூக்கியெடுத்துச் சிறைப்பிடித்தது. பர்ச்சால் 1945வரை ஜப்பானில் கைதியாக இருந்தார்.

'இலங்கையின் மீட்பர்' என்று அவரைச் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைப் பலகையில் எழுதலாமா என்று குழுவில் இரண்டு கூட்டங்கள் வாதாடினோம். எச்சரிக்கை கிடைத்தும், மறுநாள் காலை குண்டுவீச்சு விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் கொழும்பு விழித்துக்கொண்டது. ஏப்ரல் 9ஆம் திகதி எங்கள் துறைமுகமும் எரிந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. ஆகவே பட்டம் வேண்டாம். இறந்த மூவரையும் சேர்த்து ஒன்பது பெயர்களையும் தமிழில், ஒரே அளவு எழுத்தில் எழுதுவது என்று முடிவெடுத்தோம். கோபித்துக்கொண்டு வெளியேறிய ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

இறக்கைப் பலகை, சாம்பல் நிறப் பூச்சு, உத்தரத்தில் தொங்கவிடக் கம்பி வடம், பெயர்ப் பலகை: இவ்வளவுக்குத்தான் பணம் கேட்கிறோம். நூலக மேசையில் பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கிறது. சீட்டு வாங்காமல் யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம், குழுவினரிடமும்தான். நன்கொடையாளர் பெயர்கள் சுவரில் ஏறாது. சுவரில் இடமில்லை என்பதும் ஒரு காரணம்.

வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பூச்சு இருந்தாலும் கொண்டுவாருங்கள். பலகையாகவே தருபவர்கள், கணு இல்லாததாக, ஆறடிக்குக் குறையாததாகப் பார்த்துத் தரும்படி தச்சர் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
மாதிரி விமானக் குழுவினர்