எந்த மரத்தின் பிசின் என்று உறையில் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புரோபோலிஸ் எனப்படும் தேனீப் பிசின் சொட்டு மருந்து, பற்பசை, களிம்பு எனப் பல வடிவங்களில் இப்போது விற்பனைக்கு வருகிறது. பூஞ்சையை அழிக்கும் இயற்கை மருந்து என்று உறையில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அது எந்தத் தாவரத்தின் பிசின் என்ற விவரத்தை நான் பார்த்த உறைகளில் காணவில்லை. அந்த விவரம் இல்லாமல் மற்ற வாசகங்களை நம்பி வாங்க இடமில்லை.

தேனைப் போல இது தேனீயின் உடலில் பக்குவப்படும் பொருளன்று. மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினை வேலைக்காரத் தேனீ தாடையால் கடித்து இழுத்து, மகரந்தம் சுமக்கும் பின்னங்கால் கூடைகளில் அப்பிக்கொண்டு வருகிறது. ஒட்டிக்கொள்ளும் பொருளாதலால் அதைத் தானே இறக்க முடியாமல் நிற்க, கூட்டிலுள்ள வேறொரு தேனீ அதைச் சிறிது சிறிதாகப் பிய்த்து எடுக்கிறது. பிறகு மெழுகு கலந்து இடுக்குகளில் பூசப்படுகிறது. மருந்துக் குணமெல்லாம் பெரும்பாலும் மரம் கொடுத்ததே.

ஐரோப்பியத் தேனீக்கள் பெரிதும் நாடுவது கரும்பாப்லர் என்னும் மரத்தின் மொட்டுகளை. அப்பிசினில் பினோசெம்பிரின், கலாஞ்சின் போன்ற ஃபிளேவனாய்டுகள், காஃபிக் அமில எஸ்டர்கள் ஆகிய தாவரச் சேர்மங்கள் மிகுதி. பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்துப் பச்சைப் பிசினோ பாக்கரிஸ் என்னும் புதரிலிருந்து வருவது. ஆர்ட்டெபில்லின் சி அதன் அடையாளச் சேர்மம். அந்நாட்டின் வடகிழக்குக் கடற்கரையில், நம் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு தாவரம் ஐசோஃபிளேவனாய்டுகள் நிறைந்த சிவப்புப் பிசினைத் தருகிறது. ஒன்றைக் கொண்டு செய்த ஆய்வை மற்றொன்றின் உறையில் சான்றாகக் காட்டுவது எப்படிச் சரியாகும்?

பூஞ்சையை எதிர்க்கும் ஆற்றல் உண்மையானதே. வாயில் வெண்படலம் உண்டாக்கும் கேண்டிடா அல்பிகன்ஸின் வளர்ச்சியைப் பிசின் சாறுகள் ஆய்வகங்களில் பலமுறை தடுத்திருக்கின்றன. ஃபுளூகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்துடன் சேரும்போது சில சோதனைகளில் இரண்டின் வீரியமும் கூடியிருக்கிறது. தேனீக்களுக்கும் இது காப்புதான்: புழுக்களைச் சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகச் செய்யும் பூஞ்சை நோய்க்கு ஆளான கூடுகளில் பிசின் சேகரிப்பு அதிகரித்ததை மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டனர். ஆனால் சாற்றின் வீரியம் பிசினின் வகையையும் எடுத்த முறையையும் பொறுத்தது. பிசின் தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் பெரும்பாலும் எத்தனால் என்னும் சாராயத்தில்தான் ஊறவைக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்த்தாண்டம் பகுதிப் பெட்டிகளில் வளரும் இந்தியத் தேனீ பொதுவாகப் பிசின் சேகரிப்பதில்லை. சேகரிப்பவை இத்தாலியத் தேனீயும் கொட்டாத கொசுத்தேனீயும். ஆகவே நாட்டுத் தேனீயின் புரோபோலிஸ் என்று விற்பவர்கள் எந்தத் தேனீ என்பதையும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

தாவரம், தேனீ இனம், முதன்மைச் சேர்மத்தின் அளவு, கரைப்பான் ஆகியவற்றை உறையில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். காஃபிக் எஸ்டர்கள் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்ற எச்சரிக்கையும் அதே அளவு எழுத்தில் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
நாகர்கோவில்.