மீன் வாங்கிய சில்லறையில் வந்த காசு

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். ராயபுரத்தில் எல்லோரும் நலம். ஓசூரில் குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் சங்கரா மீன் வாங்கினேன். மீதிச் சில்லறையை வீட்டில் வந்து அலம்பும்போது ஒரு காசு மட்டும் வேறு மாதிரி இருந்தது. அளவும் மஞ்சள் நிறமும் அஞ்சு ரூபாய்க் காசு போலத்தான். ஆனால் வட்டத்துக்குள்ளே எட்டு மூலைக் கட்டம், அதற்குள் ஒரு பூ.

நீ பள்ளியில் படிக்கும்போது சொல்லிக்கொடுத்தாயே, வருஷத்துக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பையில் அடித்த காசு, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா என்று. அதைத்தான் முதலில் தேடினேன். வைரமும் இல்லை, புள்ளியும் இல்லை. சரி, கொல்கத்தா என்று நினைத்துத் திருப்பினால் நம்ம தூண் சிங்கங்களையே காணோம். ஒரு சிங்கமும் ஒரு புலியும் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கேடயத்தில் பிறை, அதற்கு மேலே அஞ்சு நட்சத்திரம். ஓரத்தில் பொடிப்பொடியாகத் தமிழ் எழுத்து!

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இது அண்ணா காசு" என்றார். 2009ல் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த அஞ்சு ரூபாயில் அவர் கையெழுத்து தமிழில் இருக்குமே, அதை மனதில் வைத்துச் சொன்னார். உன் போர்ன்விட்டா டப்பாவிலிருந்து அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் அண்ணா முகம் இருக்கிறது, இதில் இல்லை. அப்புறம் அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். சி, ங், க... சிங்கப்பூர். உடம்பே சிலிர்த்துவிட்டது, கண்ணு.

அங்கே வேலை பார்த்துத் திரும்பிய மேல்வீட்டுத் தம்பி பார்த்ததும் சொல்லிவிட்டான், பழைய ஒரு டாலர். 2013ல் இரண்டு உலோகத்தில் புதுக் காசு வந்துவிட்டதாம், ஆனாலும் இது அங்கே செல்லுமாம். நம்ம கணக்கில் அறுபது ரூபாய்க்கு மேல். அந்தப் பூ நித்தியகல்யாணி. நம்ம குழாயடியில் தானாக முளைத்து நிற்கிறதே, அதேதான். ஒரு பூவைப் பறித்து வந்து காசின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதே அஞ்சு இதழ். யார் பெற்ற பிள்ளை பையில் போட்டு ஊர் திரும்பியதோ, அஞ்சு ரூபாய் என்று எங்கேயோ கொடுத்திருக்கிறது.

பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று செல்போனில் வருகிறதே, அதை நம்பாதே. தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021ல் எச்சரித்தது. உன் சிநேகிதிகளிடமும் சொல்லி வை.

இன்னொன்று. ஆயா கொடுத்த ஓட்டைக் காலணாவை நான் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அதன் பழைய நிறமே போய்விட்டது என்று நீ சாப்பிடாமல் அழுதாய். அன்று உன்னைத்தான் திட்டினேன். தப்பு என்மேல்தான். இந்தக் காசில் மீன் வாடை போக வெறும் தண்ணீர்தான் பட்டது. பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்து, காகிதத்தில் மடித்து, அந்தக் காலணா பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது நீயே பிரித்துப் பார்.

அன்புடன்,
அம்மா