செம்பு நிற ஐந்து ரூபாயும் லட்ச ரூபாய் ஆசையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழின் வாசகர் பக்கத்தில் செம்பு நிறத்தில் இருந்த ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தின் படத்தைப் போட்டு, 'அரிய அச்சுப்பிழையா?', அதாவது நாணயச்சாலையிலேயே தவறாக அச்சானதா என்று கேட்டிருந்தீர்கள். கேள்விக்குறி போட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைத்தீர்களோ என்னவோ, அதற்கப்புறம் என் கடைக்கு வருகிறவர்கள் மீதிச் சில்லறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது வேற கலரா இருக்கே, விலை போகுமா?" என்கிறார்கள். மளிகைக் கடை என் பிழைப்பு, நாணயம் சேகரிப்பது என் பைத்தியம், அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். படத்தைப் பார்த்த அளவில் சொல்கிறேன், அது பிழையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. புளியிலோ வினிகரிலோ ஊறிய காசு அப்படித்தான் இருக்கும்.

மஞ்சளாக இருக்கும் ஐந்து ரூபாய், நிக்கல் கலந்த பித்தளை. 75 சதவீதம் செம்பு, 20 துத்தநாகம், 5 நிக்கல். அமிலம் பட்டால் மேல்பரப்பில் இருக்கும் துத்தநாகம் முதலில் கரையும், செம்பு மிஞ்சும், காசு சிவந்துவிடும். பித்தளைச் சொம்பைப் புளி போட்டு ஊறவைத்துவிட்டு மறந்துபோன எந்த வீட்டிலும் இதைப் பார்த்திருப்பார்கள். காசை யாரோ பளபளப்பாக்கப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை.

நம் ஊரில் ஒரு காசு படும் பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேண்டுதலுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைக்கிறோம், வருஷக்கணக்கில் சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கிறது, கறை ஏறிவிடுகிறது. இட்லிப் பானையில் தண்ணீர் வற்றினால் சத்தம் கேட்கட்டும் என்று அடியில் போடுகிறோம், உப்புத் தண்ணீர் ஊர் என்றால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. ரயில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் வீசுகிறோம். அந்தக் காசும் என்றாவது ஒருநாள் சேறும் சொறியுமாகக் கடைக்கு வந்து சேரும். ஈரம் பட்டால் பச்சைக் களிம்பு. கட்டாகச் சுற்றிவைத்த ரப்பர் பேண்டிலேயே கந்தகம் இருக்கிறது, அது பட்ட இடம் மட்டும் கோடு போட்ட மாதிரி கறுக்கும். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் இப்போது எவர்சில்வர்தானே, தீயில் விழுந்தால் மஞ்சள், ஊதா, நீலம் என்று பட்டை பட்டையாக நிறம் எடுக்கும். 'வானவில் நாணயம்' என்று இணையத்தில் விலை சொல்கிறார்களே, அதில் பல இப்படிச் சூடு பட்டவைதான்.

வெள்ளையாக இருக்கும் ஐந்து ரூபாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் ஏமாற்று அதிகம். உண்மையிலேயே வெள்ளை ஐந்து ரூபாய் உண்டு. 9 கிராம் எடையில் தடியாக வந்தது செம்பும் நிக்கலும் கலந்தது, காந்தத்தில் ஒட்டாது. 2007 வாக்கில் வந்தது எவர்சில்வர், 6 கிராம், காந்தத்தில் ஒட்டும். இரண்டுமே அரிதானவை அல்ல. பித்தளை வரிசையைச் சேர்ந்த காசு வெள்ளையாக இருந்து காந்தத்திலும் ஒட்டவில்லை என்றால், யாராவது முலாம் பூசியிருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். விளிம்பில் தேய்ந்த இடத்தைப் பார்த்தால் பல நேரம் மஞ்சள் எட்டிப் பார்க்கும். வருஷத்துக்குக் கீழே புள்ளி இல்லை, நட்சத்திரம் இல்லை, அதனால் பிழைக் காசு என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று காட்டுகிற குறிதான் அது, கொல்கத்தா நாணயச்சாலைக் காசில் குறியே இருக்காது, சரியா?

நிறத்தை விடுங்கள், வெளியே அடிபட்ட காசா, நாணயச்சாலைப் பிழையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கோடு மேலே புடைத்திருக்கிறதா, உள்ளே பள்ளமாக இறங்கியிருக்கிறதா. நாணயச்சாலையில் காசில் உருவம் பதிக்கிற அச்சு விரிசல் விட்டால் உலோகம் அந்த விரிசலுக்குள் புகும், அதனால் காசில் கோடு புடைப்பாக வரும். பள்ளமான கோடு பெரும்பாலும் வெளியே வாங்கிய கீறல், அதன் ஓரத்தில் நகத்தால் தடவினால் பிசிறு தட்டும். விளிம்பில் பிறை போல ஒரு துண்டு குறைந்திருந்தால் உடனே அரம் போட்டு ராவியது என்று தள்ளிவிடாமல் நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். அங்கேயும் விளிம்பு மழுங்கலாக இருந்தால், தகட்டிலிருந்து காசுக்கான வட்ட வில்லையை வெட்டும்போதே குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. எதிர்ப்பக்கம் திடமாக இருந்தால் பட்டறை வேலையாகத்தான் இருக்கும். தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசில் எழுத்தும் சேர்ந்து இழுபட்டு நீண்டிருக்கும், அதற்கு லென்ஸ்கூட வேண்டாம்.

இன்னொரு கோபமும் இருக்கிறது. கறுத்த காசை ஒருபக்கம் லட்சம் போகும் என்று பூட்டி வைக்கிறார்கள், இன்னொரு பக்கம் அதே காசைக் கடைக்காரர்கள் வாங்க மறுக்கிறார்கள். 2011 நாணயச் சட்டம் கேட்பது, காசைச் சிதைத்திருக்கக் கூடாது, எடை ஓர் அளவுக்குக் கீழே போயிருக்கக் கூடாது என்பதைத்தான். நிறத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. பத்து ரூபாய் நாணயத்துக்கு இதே கூத்து நடந்தபோது, 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே 2018 ஜனவரியில் அறிவிக்க வேண்டியிருந்தது. பழைய காசை வாங்க, விற்க கமிஷன் கட்டுங்கள் என்று தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் எச்சரித்ததும் அதே ரிசர்வ் வங்கிதான். உங்கள் படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அடுத்துப் போய் நிற்கப்போவது அப்படிப்பட்டவர்களிடம்தான்.

ஆகவே இனி வாசகர்கள் காசுப் படம் அனுப்பினால், இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிகிற மாதிரி படம், நகைக்கடைத் தராசில் போட்ட எடை, காந்தத்தில் ஒட்டியதா என்ற பதில், இந்த மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஐந்து ரூபாய் என்றால் 2011 வரிசை 6 கிராம், 2019இல் வந்த வரிசை 6.74 கிராம். இதையும் படத்துக்குக் கீழே அச்சடித்துவிட்டால் பாதிக் கேள்விகள் உங்களுக்கு வரவே வராது, எனக்கும் கடையில் கொஞ்சம் வியாபாரம் பார்க்க நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
கும்பகோணம்